மேல் எழுத்து

லாண்ட்குவார்ட் நிலையத்தில் யாரோ ஒரு பெண் தோளில் தட்டி எழுப்பினாள். அங்கே மாறி சூரிச், சூரிச்சில் மாறி பேர்ண். மூன்று ரயில் ஏறி மூன்றிலும் தூங்கிய மகேந்திரன், வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு மகளின் வீட்டு மணியை அடித்தபோதும் பாதித் தூக்கத்தில்தான் நின்றார்.

டாவோஸ் ஹோட்டல் சமையலறையில் அவருக்கு இது கடைசி வாரம். அடையாள அட்டையின்படி வருகிற ஞாயிறு அறுபத்தைந்து வயது. அன்று கேக் வெட்டி வழியனுப்பப் போகிறார்கள். முழங்காலைக் கேட்டால் எண்பது என்று சொல்லும். உண்மையில் எத்தனை என்பது அவருக்கும் மனைவி செல்வராணிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

இடையில் சில வாரம் விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே மகள் லக்சனா பேர்ணில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். பாலங்களுக்குக் கணக்குப் பார்க்கும் கஸுதோ என்ற ஜப்பான்காரனைக் கல்யாணம் செய்தாள். அதற்காக மகேந்திரன் ஆறு மாதம் மகளோடு கதைக்காமல் இருந்ததையும், மாப்பிள்ளை இடியப்பம் பிழியப் பழகிக்கொண்டு டாவோஸுக்கே வந்து சமாதானம் செய்ததையும் முன்பே சொல்லியாயிற்று. இப்போது அவர்களுக்கு மூன்று மாதத்தில் ஒரு மகன். பெயர் ஹிரோதோ. "எங்கட சனம் முழுக்க ஹீரோ எண்டுதான் கூப்பிடப்போகுது" என்று செல்வராணி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

சுவிஸ் பதிவில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது. ஜப்பான் பதிவு அவ்வளவு லேசில் விடாது. அங்கே ஹிரோதோ என்றால் எந்த ஹிரோதோ என்று கேட்பார்கள். ஒலி ஒன்றுதான், அதை எழுதும் சித்திர எழுத்துகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம். கடல் ஹிரோதோ உண்டு, பரந்த மனசு ஹிரோதோ உண்டு. பெற்றவர்கள் ஒன்றைத் தீர்மானித்து, பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் தூதரகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் பிள்ளைக்குத் தகப்பனின் நாட்டுக் குடியுரிமை கிடையாது.

மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. நாலு மணிக்குத் தூதரகத்தில் விண்ணப்பம் வாங்கும் ஜன்னலை மூடிவிடுவார்கள்.

ஏன் கடைசி நாள் வரை விட்டார்கள் என்று கேட்பவர்கள் கைக்குழந்தை வைத்திருந்து மறந்தவர்களாக இருக்க வேண்டும். லக்சனாவுக்குப் பிரசவத்துக்குப் பின் காய்ச்சல், பிள்ளைக்கு வயிற்றுக்குத்து. உதவிக்கு வந்த செல்வராணி உட்பட அந்த வீட்டில் யாரும் மூன்று மாதமாக நாலு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் கஸுதோ மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, ஒரு நீளக் கடதாசியை வைத்தான். ஜப்பானில் நீகாத்தாவிலிருந்து அவனுடைய தகப்பன் அனுப்பியது. அதன் கீழ்ப் பாதியில் தூரிகையால் ஒரு எழுத்து. மேல் பாதி வெறுமை.

"அப்பா, இது சர்ப்ரைஸ். அதுதான் போனில சொல்லேல்லை," என்றாள் லக்சனா. பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "கீழ இருக்கிறது கஸுதோவின்ர பேரில இருக்கிற எழுத்து. தகப்பன்ர பேரில இருந்து ஒண்டு மகனுக்குக் குடுக்கிறது அவையின்ர வீட்டு வழக்கம். அதுக்கு அகப்பை எண்டு அர்த்தம். வானத்தில அகப்பை மாதிரி ஏழு நட்சத்திரம் நிக்குமே, அதுக்கும் இதுதானாம்."

"மேல?"

"மேல் எழுத்தைப் பொம்பிளையின்ர தகப்பன் தன்ர பேரில இருந்து குடுக்க வேணும், தன்ர கையால எழுத வேணும் எண்டு கஸுதோவின்ர அப்பா கடிதம் போட்டிருக்கிறார். நான் அம்மாட்ட உங்கட பேரின்ர அர்த்தம் கேட்டனான். மகேந்திரன் எண்டால் பெரிய இந்திரனாமே. அந்தப் பெரியதுதான் இது. வாசிக்கிறது ஹிரோ எண்டு."

கஸுதோ இலவசப் பத்திரிகையின் ஓரத்தில் எழுதிக் காட்டினான். குறுக்கே ஒன்று, கீழே பிரிந்து இரண்டு. கையையும் காலையும் அகல விரித்து நிற்கும் ஆள் மாதிரி இருந்தது.

"மூண்டு கோடு, மாமா. ஈஸி," என்றான் தமிழில்.

"பெரிய அகப்பை," என்றார் மகேந்திரன். "குசினிக்காரன்ர பேரனுக்குப் பொருத்தமான பேர்தான்."

லக்சனா சிரித்தாள். கஸுதோவும் அவள் சொல்லிக் கேட்டுச் சிரித்தான். மகேந்திரன் செல்வராணியைப் பார்த்தார். அவள் பால் போத்தலைக் கழுவ எழுந்து போனாள்.

பத்திரிகையில் மூன்று தரம் எழுதிப் பழகினார். மூன்றாவது நன்றாகவே வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கத்தி பிடித்த கை. கோடு போட அதற்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பிறகு உண்மைக் கடதாசியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். தூரிகையை மையில் தோய்த்து, வெற்றிடத்துக்கு மேலே கொண்டுபோய், அப்படியே வைத்திருந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று தூரிகையைக் கீழே வைத்தார்.

குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"நீர் சொன்னனீரோ?"

"ஓம்," என்றாள் செல்வராணி. "மகேந்திரன் எண்டால் என்ன எண்டு பிள்ளை கேட்டாள். சொன்னனான்."

"என்ர பேர் எண்டு நினைச்செல்லோ கேட்டவள்."

இத்தனை வாரமும் நான் அவரை மகேந்திரன் என்று எழுதி வந்ததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துத்தான் எழுதினேன். அது அவருடைய பெயர் இல்லை.

மகேந்திரன் என்பவன் செல்வராணியின் பெரியம்மா மகன். அவளுக்கு அண்ணன் முறை, ஒரே வீட்டில் வளர்ந்தவன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் கொழும்பில் ஒரு லாட்ஜ் அறையில் அவனும் இவரும் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். சுவிஸுக்கு வர ஏஜென்ட் ஒழுங்கு செய்தது அவனுக்கு. சவர்க்காரம் வாங்கப் போன மகேந்திரன் திரும்பி வரவில்லை. சோதனைச் சாவடியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். தகவல் கேட்டுப் பெரியம்மாவும் கொழும்புக்கு வந்து, எல்லோருமாகப் பதினொரு நாள் தேடினார்கள். பன்னிரண்டாம் நாள் விமானம். "நீ போ தம்பி, அவன் வந்தால் வேறை எடுப்பம்" என்று பெரியம்மாதான் பாஸ்போட்டை இவர் கையில் வைத்தாள். ஏஜென்ட் படத்தை மாற்றிக் கொடுத்தான். சுவிஸ் அகதி முகாமில் பெயர் கேட்டபோது பாஸ்போட்டில் இருந்ததைச் சொன்னார். ஒருமுறை சொன்னதுதான், பிறகு வேலை அனுமதி, கல்யாணம், குடியுரிமை என்று எல்லாம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. வயதிலும் நாலு வருஷம் கூடிக்கொண்டது.

மகளுக்கு எப்படித் தெரியாமல் போனது? செல்வராணி புருஷன் பெயரைச் சொல்லாத பெண். "இஞ்சேருங்கோ" என்பாள், வெளியாட்களிடம் "லக்சனாவின்ர அப்பா" என்பாள். சொந்தக்காரர் அத்தான் என்றார்கள், மற்றவர்கள் டாவோஸ் அண்ணை என்றார்கள். பேர்ண் கோயில் அர்ச்சனைக்குக்கூட ஐயரிடம் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுப்பாள். வீட்டுக்குள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாதபோது பொய் சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

"அண்ணைக்குக் கல்லறை இல்லை," என்றாள் செல்வராணி. "திவசம் செய்யத் திகதி இல்லை. பெரியம்மா சாகும்வரைக்கும் படத்துக்கு மாலை போட விடேல்லை. ஒரு எழுத்தாவது எங்கையாவது இருக்கட்டும் எண்டு நினைச்சன். பவதாரணிக்கும் சொல்லிப்போட்டன். போனில அழுதவள். நாளைக்கு வாறாளெல்லோ."

பவதாரணி என்பது மகேந்திரனின் தங்கை. கனடாவிலிருந்து பிள்ளை பார்க்க வருகிறாள்.

"முப்பத்தைஞ்சு வருஷமாய் அவனாய்த்தானே நிக்கிறன், ராணி. வேலையிலயும் அவன்தான், டொக்டரிட்டையும் அவன்தான். நான் செத்தாலும் அவன்தான் சாவான். என்ர அப்பு எனக்கு வைச்ச பேரை எழுத இந்தக் கடதாசி ஒண்டுதான் இருக்கு."

"அப்ப உள்ளதைச் சொல்லுங்கோ பிள்ளைக்கு."

"என்னெண்டு சொல்லுறது? அவளின்ர பேருக்குப் பின்னாலயும் மகேந்திரன்தானே நிக்கிறான். காய்ச்சலில கிடந்து இப்பதான் எழும்பினவள்." அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "விடும். களைச்சுப்போனன். மூண்டு கோடுதானே, எழுதிவிடுறன்."

திரும்பி வந்து உட்கார்ந்தார். மணி ஒன்றரை தாண்டியிருந்தது. கஸுதோ விண்ணப்பத்தை மூன்று பிரதி நிரப்பி, பேனாவை அவற்றுக்கு நேர்கோட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"எழுத முதல் ஒண்டு சொல்லுங்கோ அப்பா," என்றாள் லக்சனா. "கஸுதோவின்ர அப்பா கேட்டிருக்கிறார். பிள்ளைக்குக் கதை சொல்ல வேணுமாம். இந்தப் பேரை உங்களுக்கு வைச்சது ஆர்? அப்பப்பாவோ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மனுஷன் வாயால் பொய் சொல்லிப் பழகாதவர். இத்தனை வருஷமும் அட்டைதான் அவருக்காகச் சொல்லி வந்தது.

"அம்மாவின்ர பெரியம்மா," என்றார்.

"அம்மாவின்ர பெரியம்மாவோ? நீங்கள் பிறக்கேக்க அவையளை உங்கட வீட்டில தெரிஞ்சிருக்கவும் மாட்டாதே. அவ ஏன் உங்களுக்குப் பேர் வைச்சவ?"

அவர் தூரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லக்சனா கஸுதோவைப் பார்த்தாள். அவனுக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. குசினி வாசலில் செல்வராணி ஈரக் கையோடு நின்றாள்.

"அது உன்ர அப்பாவின்ர பேர் இல்லை," என்றாள். "என்ர அண்ணையின்ர பேர். பெரியம்மாவின்ர மகன். அவரின்ர பாஸ்போட்டில வந்தவர் அப்பா. அப்பாவின்ர பேர்..."

அங்கே நின்றுவிட்டாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு தரமும் நாக்கில் வராத பெயர். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை இன்னொரு முறை துடைத்தாள்.

"அருட்செல்வன்," என்றாள்.

"என்ன?" என்றார் அவர், காது கேளாதவர் போல.

"அருட்செல்வன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாயும் தகப்பனும் போன பிறகு அந்தப் பெயரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அழுதார் என்றே எழுதிவிடுகிறேன். மறைக்க என்ன இருக்கிறது.

லக்சனா பிள்ளையைக் கஸுதோவிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். செல்வராணி முழுக்கதையையும் சொல்ல ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அதைச் சொல்லாமல் வைத்திருக்கத்தான் அவ்வளவு காலம் பிடித்தது.

"பள்ளிக்கூடத்தில, வேலையில, வீட்டு மணியில, எல்லாம் லக்சனா மகேந்திரன்," என்றாள் லக்சனா. "அந்தாளை நான் கண்டதே இல்லை." பிறகு, "உங்களுக்கு உண்மையா எத்தினை வயசு?"

"அறுபத்தொண்டு."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை கேக் வெட்டப்போறது ஆருக்கு?"

"அண்ணைக்கு," என்றாள் செல்வராணி.

லக்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகி நின்றது. "எனக்குச் சரியான கோவம் அப்பா. இதுவரைக்கும் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கோவிக்கிறதுக்கு இப்ப என்னட்டச் சக்தி இல்லை. நாலு மணிக்குப் பிறகு கோவிக்கிறன். இப்ப எந்த எழுத்து எண்டு சொல்லுங்கோ. குடுத்த பிறகு மாத்திறதெண்டால் ஜப்பானில கோர்ட்டுக்குப் போக வேணும்."

"மூண்டு கோட்டையே போடுவம்," என்றார் அருட்செல்வன். "பவதாரணிக்குச் சொல்லியாச்சு."

"வேண்டாம்," என்றாள் செல்வராணி. "அண்ணையின்ர பேர் உங்கட சாவுப் பத்திரம் வரைக்கும் இருக்கும். உங்கட பேர்தான் எங்கையும் இல்லை. நான் என்ர அண்ணையை மட்டும் நினைச்சுப்போட்டன்."

அவளுக்கு அதைச் சொல்வது எவ்வளவு பாரமாக இருந்தது என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

லக்சனா கஸுதோவுக்கு ஜெர்மனில் சொன்னாள்: அருள், செல்வம், குறைவில்லாதவன். அவன் பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டே பெயர் அகராதியை எடுத்தான். தலையணை அளவு புத்தகம். மூன்று மாதமாக அதைப் புரட்டிக்கொண்டிருந்தவன், இப்போது நேராக ஒரு பக்கத்தில் போய் நின்றான். ஒலி அதே ஹிரோதான், அர்த்தம் நிறைவு, ஒன்றுக்கும் குறைவில்லாமை. பன்னிரண்டு கோடு.

"இடப்பக்கம் உடுப்பு," என்று லக்சனா மொழிபெயர்த்தாள். "வலப்பக்கம் பள்ளத்தாக்கு."

"ரெண்டும் எனக்குத் தெரியும்," என்றார் அருட்செல்வன். டாவோஸ் ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்று அவர் போட்டிருந்த ஜாக்கெட்டும் மகேந்திரனுடையதுதான். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி கிடந்தது.

பழகிப் பார்க்க நேரம் இல்லை. கஸுதோ புதிய விண்ணப்பம் மூன்று பிரதி நிரப்பிக்கொண்டிருக்க, அவர் அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதினார். உடுப்பு பெரிதாகிவிட்டது, பள்ளத்தாக்கு ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றது. கீழே சம்பந்தியின் அகப்பை எழுத்து அழகாக இருந்ததால் இது இன்னும் கோணலாகத் தெரிந்தது.

"நல்லா இருக்கு, மாமா," என்றான் கஸுதோ. அவனும் பொய் சொல்லப் பழகாதவன். காதெல்லாம் சிவந்துபோயிற்று.

தூதரக ஜன்னலில் விண்ணப்பத்தைக் கொடுத்தபோது மூன்று ஐம்பத்திரண்டு. அங்கிருந்த பெண் எழுத்தை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து, முத்திரை குத்தினாள். வாசலில் காவலாளி அவர்கள் கொடுத்து வைத்த அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஹேர் மகேந்திரன்?" ஜெர்மனில் ஹேர் என்றால் திரு.

அருட்செல்வன் கையை நீட்டவில்லை. லக்சனாதான் கையை நீட்டி அட்டையை வாங்கி, ஒரு கணம் அந்தப் படத்தைப் பார்த்து, அவர் சட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு கஸுதோவோடு முன்னால் நடந்தாள். நாலு மணி ஆகிவிட்டிருந்தது.

பஸ் தரிப்பில் செல்வராணியின் போனில் பவதாரணியின் குரல் பதிவு ஒன்று வந்து கிடந்தது. டொரொன்டோ விமான நிலையத்துச் சத்தத்துக்கு நடுவே பேசியிருந்தாள்.

"அக்கா, ஏறப்போறன். அண்ணாக்கு எண்டு அம்மா எடுத்து வைச்ச சங்கிலியையும் கொண்டு வாறன். பிள்ளையின்ர கழுத்தில போட்டிட்டு ஒருக்கா மகேந்திரன் எண்டு கூப்பிட்டுப் பாக்க வேணும். முப்பத்தைஞ்சு வருஷம் அக்கா, அந்தப் பேரை நான் கூப்பிட்டு."

செல்வராணி அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். பதில் எழுதத் தொடங்கி அழித்தாள்.

"ஆர் அவளுக்குச் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்," என்றார் அவர். "அவன்ர பேரை இவ்வளவு காலமும் வைச்சிருந்தவன் நான்தானே."

"என்ன சொல்லப்போறியள்?"

"தெரியேல்லை."

பஸ் வந்தது. உட்கார்ந்து இரண்டாவது தரிப்பு வருமுன் அவர் தூங்கிப்போனார். வழியில் விமானம் மாறி வருகிற பவதாரணி, மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு சூரிச்சில் இறங்குவாள். முன் இருக்கையில் லக்சனா திரும்பிப் பார்க்காமல் இருந்தாள்.

இறங்கும் இடம் வந்தபோது செல்வராணி பெயர் சொல்லித்தான் எழுப்பினாள். முதல் தரம் அவர் அசையவில்லை. இரண்டாம் தரம் கொஞ்சம் உரக்கச் சொன்னபோது கண்ணைத் திறந்து, யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்.